தபால் கந்தோர் பேர்ல வந்த மெசேஜ், அம்மா காட் நம்பர அடிச்சிட்டா, இப்ப எங்க சொல்றது?

கல்லடிப்பாலம் (மட்டக்களப்பு)

வணக்கம் எல்லாருக்கும், கொஞ்சம் அவசரம், தெரிஞ்சவங்க கெதியா சொல்லுங்க. இண்டைக்கு காலையில பத்து மணி போல அம்மாட போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு, முழுக்க இங்கிலீஷ்ல. உங்கட பார்சல் வந்திட்டு, விலாசம் சரியில்லாததால கொண்டு வந்து தர ஏலாம இருக்கு, 24 மணித்தியாலத்துக்குள்ள இந்த லிங்க்ல போய் விலாசத்த சரிபண்ணுங்க, இல்லாட்டி திருப்பி அனுப்பிருவம் எண்டு. அக்கா சுவிஸ்ல இருந்து போன மாசம் ஒரு பெட்டி போட்டவ, அம்மாக்கு சப்பாத்தும் மூட்டு வலிக்கு பூசுற களிம்பும் பிள்ளைகளுக்கு சொக்லேட்டும், அந்தப் பெட்டி எப்ப வரும் எப்ப வரும் எண்டு அம்மா ஒவ்வொரு நாளும் பார்த்துக் கொண்டிருந்தவ, அதால அவக்கு ஒரு சந்தேகமும் வரல்ல. லிங்க்க அமத்தினா தபால் திணைக்களத்துட சின்னம் எல்லாம் போட்டு ஒரு பக்கம் வந்திருக்கு, பேர், விலாசம், போன் நம்பர் கேட்டு, மறுகா 95 ரூபா கட்டணும் எண்டு காட் நம்பர் கேட்டிருக்கு, 95 ரூபாதானே எண்டு நம்பரும் முடியிற திகதியும் பின்னால இருக்கிற மூணு இலக்கமும் அடிச்சிட்டா.

ஓடிபி வந்த நேரம் கண்ணாடி கையில இல்ல, என்னக் கூப்பிட்டு மகன் இந்த ஆறு நம்பர வாசிச்சு சொல்லு எண்டா. நான் போன வாங்கிப் பார்த்தா அந்த மெசேஜ்ல 480 யூரோ எண்டு கிடக்கு, கடைப்பேர் ஒண்டு வாயில நுழையாத பேர். நெஞ்சு திக்கெண்டு போச்சு. ஓடிபிய அடிக்கல்ல, பக்கத்த மூடிட்டன்.

என்ட கேள்வி ரெண்டு. ஓடிபி குடுக்காததால சல்லி தப்பினது எண்டு நிம்மதியா இருக்கலாமா, இல்ல இன்னும் ஏதும் செய்யணுமா? மற்றது, இத எங்க சொல்றது? அம்மாட பென்சன் வாற கணக்கு அது. அவ காலையில இருந்து சாப்பிடல்ல, பிழை விட்டிட்டன் எண்டு அழுதுகொண்டே இருக்கா. பக்கத்து வீட்டு மாமிக்கும் இதே மெசேஜ் வந்திருக்கு, இப்பதான் கேட்டன், அவ நல்ல காலம் இன்னும் திறக்கல்ல.


போன்கடை_ஆரையம்பதி

தம்பி, இத வாசிச்சு முடிக்க முதல் பேங்க்குக்கு கோல் எடுங்க. காட்டுக்கு பின்பக்கம் ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும், அது 24 மணித்தியாலமும் வேலை செய்யும், அதுக்கு எடுத்து காட்ட நிப்பாட்டுங்க எண்டு சொல்லுங்க. கூகுள்ல பேங்க் நம்பர் தேடி எடுக்காதீங்க, அங்கயும் கள்ள நம்பர் போட்டு வைப்பானுகள். பேங்க்ட அப் இருந்தா அதுலயே காட்ட லொக் பண்ணுற இடம் இருக்கும், கோல் கிடைக்கும் வரைக்கும் அதச் செய்யலாம்.

ஓடிபி குடுக்காட்டி சரிதானே எண்டு நினைக்க வேணாம். வெளிநாட்டு சைட் சிலது ஓடிபி கேக்காமலே நம்பர், திகதி, மூணு இலக்கம் இருந்தா சல்லி எடுத்துரும். இண்டைக்கு எடுக்காட்டியும் அந்த நம்பர் அவனுகள்ட கையில கிடக்கு, வேற ஆளுக்கு வித்துட்டும் போவான், ரெண்டு மாசம் கழிச்சு எடுப்பான். அதால தற்காலிகமா நிப்பாட்டி திரும்ப திறக்கிறது சரிவராது, பழைய நம்பர முழுசா ரத்துச் செய்து புது காட் எடுங்க.

இன்னொண்டு முக்கியம். அம்மாட பேர், விலாசம், போன் நம்பர், எந்த பேங்க் எல்லாம் அவனுக்குத் தெரியும் இப்ப. நாளைக்கோ மறுநாளோ ஒருத்தன் நல்ல தமிழ்ல, அம்மா நாங்க பேங்க்ல இருந்து பேசுறம், உங்கட காட்ல மோசடி நடந்திருக்கு, நிப்பாட்டுறதுக்கு ஒரு நம்பர் வரும் சொல்லுங்க எண்டு கோல் எடுப்பான். பேர் சொல்லி விலாசம் சொல்லி எடுக்கிறதால நம்பிருவாங்க. என்ட கடைக்கு வந்த ஒரு ஐயாக்கு இப்பிடித்தான் நடந்தது, முதல் நாள் தப்பினவர் மூணாம் நாள் கோல்ல மாட்டினவர். அம்மாட்ட இத இப்பவே சொல்லி வைங்க, பேங்க்காரர் ஒருநாளும் ஓடிபி கேக்கமாட்டாங்க, யார் கேட்டாலும் போன வைச்சிட்டு உங்களக் கூப்பிடச் சொல்லுங்க.

லிங்க்க அமத்தினதால போன்ல ஏதும் ஏறியிருக்குமா எண்டு பயந்தா, அப் ஏதும் டவுன்லோட் ஆகி இன்ஸ்டால் கேட்டதா எண்டு அம்மாட்ட கேளுங்க. இல்லையெண்டா போனுக்கு ஒண்டும் ஆகியிருக்காது, அவனுக்கு தேவை நீங்க அடிக்கிற நம்பர்தான். ஏபிகே எண்டு முடியிற அப் ஃபைல் ஒண்டு இறங்கியிருந்தா கதை வேற, நெட்ட நிப்பாட்டிட்டு ஆரும் தெரிஞ்ச கடையில காட்டுங்க, பாஸ்வேர்ட் எல்லாத்தையும் வேற போன்ல இருந்து மாத்துங்க.

மெசேஜ அழிக்க வேணாம். அனுப்பின நம்பர், நேரம், முழு லிங்க் மூணும் தெரியிற மாதிரி ஸ்க்ரீன்ஷொட் எடுங்க, அந்த ஓடிபி மெசேஜையும் சேர்த்து.


கல்லடிப்பாலம்

அண்ணா பெரிய நன்றி. கோல் எடுத்து காட்ட ரத்துச் செய்தாச்சு, கணக்குல சல்லி அப்பிடியே இருக்காம். அப் ஒண்டும் இறங்கல்ல. அம்மாட்டயும் சொல்லிட்டன். மற்றது எங்க ரிபோர்ட் பண்ணுறது எண்டத ஆராவது சொல்லுங்க.


களுதாஞ்சிகுடி_டீச்சர்

தம்பி முதல்ல அம்மாவ சாப்பிடச் சொல்லுங்க. நான் ஐசிடி படிப்பிக்கிற ஆள், ஒரு தரம் பெரிய லீவுக்கு முதல் நானே இப்பிடி ஒரு பக்கத்துல பேரும் விலாசமும் அடிச்சு முடிச்ச பிறகுதான் லிங்க்கப் பார்த்தன். படிச்சவங்க மாட்டமாட்டாங்க எண்டு ஒண்டும் இல்ல, நாங்க எதிர்பார்த்துக் கொண்டிருக்கிற விசயத்தோட அது வந்து பொருந்தினா மனசு கேள்வி கேக்காது. அவன் ஆயிரம் பேருக்கு ஒரே மெசேஜ அனுப்புறான், வெளிநாட்டுல பிள்ளைகள் இல்லாத வீடு எங்கட பக்கம் குறைவுதானே, அதுல ஒரு பார்சல் பார்த்துக் கொண்டிருக்கிற ஆள் இருக்கத்தான் செய்வாங்க.

நான் பிள்ளைகளுக்கு சொல்லிக் குடுக்கிறது லிங்க்க வாசிக்கிற முறை. எங்கட அரசாங்க சைட் கூடுதலானது டொட் கவ் டொட் எல்கே எண்டுதான் முடியும், தபால் திணைக்களத்துட சைட் எஸ்எல்போஸ்ட் டொட் கவ் டொட் எல்கே. கள்ளன் அந்த எஸ்எல்போஸ்ட் எண்ட சொல்ல லிங்க்ல எங்கயாவது போட்டிருப்பான், கவ் எண்டதையும் ஒரு கோடு போட்டு ஒட்டியிருப்பான், ஆனா முடிவு டொட் டொப், டொட் எக்ஸ்வைஸெட், டொட் விஐபி எண்டு கிடக்கும். அதால லிங்க்க முன்னால இருந்து வாசிக்க வேணாம். எச்டிடிபிஎஸ்ஸுக்குப் பக்கத்துல இருக்கிற ரெட்டைக் கோட்ட விட்டிட்டு அதுக்குப் பிறகு வாற முதல் சாய்கோட்டுக்கு விரல வைங்க, அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் ஒட்டினமாதிரி இருக்கிற முடிவும் அதுக்கு முன்னால இருக்கிற ஒரு சொல்லும் சேர்ந்ததுதான் சைட்டுட உண்மையான சொந்தக்காரன். அதுக்கு முன்னால எத்தின நல்ல பேர் வந்தாலும் கணக்கில்ல. பூட்டு அடையாளம் தெரியுது எண்டு சில பேர் நம்புறாங்க, அந்தப் பூட்டு நீங்க அனுப்புறத வழியில ஒருத்தரும் வாசிக்க ஏலா எண்டதுக்குத்தான், அங்கால இருக்கிறவன் நல்லவன் எண்டதுக்கு இல்ல. கள்ள சைட்டுக்கும் பூட்டு இருக்கும்.

அனுப்பினவர்ட பேரையும் நம்ப வேணாம். சில மெசேஜ் நம்பர் இல்லாம பேங்க் பேர்ல, கொம்பனி பேர்ல வரும். மொத்தமா மெசேஜ் அனுப்புற சேவைகள்ல அந்தப் பேர் வெறும் எழுத்துதான், காவல் இல்லாத இடத்துல விரும்பின பேரப் போட்டு அனுப்பலாம், போன் அந்தப் பேர் ஒண்டா இருக்கிறதால பேங்க்ட உண்மையான மெசேஜ்களுக்குக் கீழயே கொண்டுபோய் அடுக்கிரும். பழைய மெசேஜ்கள் எல்லாம் உண்மை, கடைசி ஒண்டு மட்டும் கள்ளம், ஆருக்குத்தான் சந்தேகம் வரும்.

ஐபோன் வைச்சிருக்கிற ஆக்களுக்கு இன்னொரு தந்திரம். தெரியாத ஆள்ட இருந்து ஐமெசேஜ்ல வாற லிங்க் அமத்தினாலும் திறக்காது, அதால கள்ளன் மெசேஜுக்குக் கீழ Y எண்ட இங்கிலீஷ் எழுத்த பதிலா அனுப்பிட்டு வெளியில போய் திரும்ப வாங்க எண்டு எழுதியிருப்பான். நீங்க பதில் போட்ட உடனே போன் இது தெரிஞ்ச ஆள் எண்டு நினைச்சு லிங்க்கத் திறந்து விடும். அப்பிடி ஒரு வரி இருந்தா மேல இருக்கிறத வாசிக்கவே தேவையில்ல, அது கள்ளம்தான்.

இனி ரிபோர்ட். ஸ்ரீலங்கா சேர்ட் எண்டு கணினி அவசரங்களுக்கு பொறுப்பான அரசாங்க நிறுவனம் இருக்கு, அவங்கட நம்பர் 101. கள்ள சைட்ட மூட வைக்கிற வேலைக்கு அவங்களுக்கு அந்த முழு லிங்க் வேணும், அதால ஸ்க்ரீன்ஷொட் மட்டும் காணாது, லிங்க்க கொப்பி பண்ணி வைச்சுக் கொள்ளுங்க, ஆனா குடும்ப குரூப்ல அத அப்பிடியே போட்டுராதீங்க, ஆரும் அமத்திருவாங்க. மெசேஜ் வந்த நம்பர உங்கட சிம் கொம்பனிக்கும் சொல்லலாம், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுட நம்பர் 1900. பேங்க் விசயத்துல பேங்க்குக்கு எழுத்தில முறைப்பாடு குடுத்தும் சரியான பதில் கிடைக்காட்டி மத்திய வங்கிட நிதியியல் நுகர்வோர் பிரிவுக்கு 1935ல சொல்லலாம். நேர மத்திய வங்கிக்குப் போகாதீங்க, முதல்ல பேங்க்கிட்ட என்ன சொன்னீங்க எண்டுதான் கேப்பாங்க.

போன்லயே ரிபோர்ட் அமத்துற வசதி இருக்கு. அன்ட்ரொய்ட்ல மெசேஜ நல்லா அழுத்திப் பிடிச்சா ப்ளொக் பண்ணி ஸ்பேம் எண்டு சொல்ற இடம் வரும். ஐபோன்ல ரிபோர்ட் ஜங்க் எண்டு இருக்கும், அத அமத்தினா மெசேஜே அழிஞ்சு போகும், அதால ஸ்க்ரீன்ஷொட்டும் லிங்க்கும் எடுத்த பிறகு அமத்துங்க.


ஓட்டமாவடி_றியாஸ்

லண்டன்ல இருக்கிற மச்சான் எனக்கு 7726க்கு அந்த மெசேஜ ஃபோர்வர்ட் பண்ணு எண்டான், நான் அனுப்பினன், ஒண்டும் நடக்கல்ல, சல்லிதான் வெட்டினது. அது இஞ்ச இல்லையா?


களுதாஞ்சிகுடி_டீச்சர்

இல்ல தம்பி, அது இங்கிலாந்து, அமெரிக்கா போல நாடுகள்ல கொம்பனிகள் சேர்ந்து வைச்சிருக்கிற நம்பர். மச்சான் சொன்னது அவருக்கு சரி, நமக்கு 101தான்.


அக்கரைப்பற்று_தங்கச்சி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இத வாசிச்ச பிறகு எழுதாம இருக்க மனசு கேக்கல்ல. எங்கட ராத்தாக்கு நடந்தத சொல்றன், பேர் ஊர் ஒண்டும் சொல்லல்ல. அவக்கு வட்ஸ்அப்ல ஒரு மெசேஜ், வீட்டுல இருந்து வேலை, யூடியூப் வீடியோக்கு லைக் போட்டா ஒண்டுக்கு இவ்வளவு எண்டு. மாப்பிள கட்டார்ல, அங்க வேலை குறைஞ்சு சல்லி வாறது நிண்டிருந்த நேரம். முதல் நாள் ரெண்டாயிரம் உண்மையாவே கணக்குக்கு வந்தது. அதுதான் ஆள விழுத்தினது. மறுகா டெலிகிராம் குரூப் ஒண்டுல சேர்த்தாங்க, அங்க இருக்கிற ஆக்கள் எல்லாம் எனக்கு இவ்வளவு கிடைச்சது அவ்வளவு கிடைச்சது எண்டு ஸ்க்ரீன்ஷொட் போடுறாங்க, எல்லாம் அவனுகள்ட ஆக்கள்தான். இனி பெரிய டாஸ்க் செய்யணும் எண்டா முதல்ல நீங்க சல்லி போடணும், அஞ்சாயிரம் போட்டா ஏழாயிரம், மறுகா இருபதாயிரம், மறுகா பிழையா அமத்திட்டீங்க கணக்கு முடங்கிட்டு திறக்க அறுபதாயிரம், இப்பிடியே போய் காதுல கழுத்துல கிடந்தத அடகு வைச்சு நாலு லச்சத்துக்கு மேல போயிட்டு. ஒருத்தரிட்டயும் சொல்லல்ல. உம்மாட்ட சொல்லல்ல, மாப்பிளட்ட சொல்லல்ல, நாலு மாசம் தனிய வைச்சுக் கொண்டு இருந்தா. நாங்க கண்டுபிடிச்சது நகை இல்லாததப் பார்த்து.

நான் பொலிசுக்கு கூட்டிக் கொண்டு போனன். எழுதினாங்க, கேட்டாங்க, மரியாதையாத்தான் கேட்டாங்க. ஆனா நாலு மாசம் போயிட்டு, சல்லி போன கணக்குல ஒண்டும் மிச்சமில்ல. பேங்க்கும் சொன்னது, அப்பவே வந்திருந்தா கணக்க மறிச்சு வைக்க முயற்சி செய்திருக்கலாம் எண்டு. ஒன்லைன்ல இருந்து ஒரு பேங்க்ல இருந்து மற்ற பேங்க்குக்கு போடுற சல்லி அந்த நிமிசமே போய்ச் சேர்ந்துரும், அவனுகள் அத அடுத்த கணக்குக்கு மாத்தி ஏடிஎம்ல எடுக்க கொஞ்ச நேரம்தான் தேவை. அதால போட்ட அரை மணித்தியாலத்துக்குள்ள சொல்றதுக்கும் நாலு மாசம் கழிச்சு சொல்றதுக்கும் வித்தியாசம் மலையும் மடுவும்.

அதவிட பெரிய வேதனை என்னெண்டா சல்லி போன முதல் கணக்கு ஒரு பொடியண்ட கணக்கு. அவனும் நம்மள மாதிரி கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளை. ஆரோ ஒருத்தன் உன்ட ஏடிஎம் காட்டையும் சிம்மையும் தா, மாசம் பத்தாயிரம் தாறன் எண்டு சொல்ல குடுத்திருக்கான். இப்ப பொலிசுக்கு அவன்ட பேர்தான் தெரியும், அனுப்பினவன் எங்க இருக்கான் எண்டு ஆருக்கும் தெரியா. எங்கட பக்கத்துப் பிள்ளைகளிட்ட தயவு செய்து சொல்லுங்க, கணக்கையும் சிம்மையும் ஆருக்கும் குடுக்க வேணாம் எண்டு. பணம் தூயதாக்கல் (கள்ளச் சல்லிய நல்ல சல்லி மாதிரி மாத்துறது) தடுப்புச் சட்டம் 2006லயே வந்தது, எனக்குத் தெரியா எண்டு சொல்லி லேசா வெளிய வர ஏலா.

கல்லடித் தம்பிட உம்மா அந்த நிமிசமே மகனக் கூப்பிட்டா. எங்கட ராத்தா கூப்பிடல்ல, நாங்க ஏசுவம் எண்டு பயந்தா. அதுல எங்கட பிழையும் இருக்கு எண்டு நான் நினைக்கிறன், ஆரும் ஏமாந்தா படிச்சவதானே இதக்கூட யோசிக்க மாட்டியா எண்டு வீட்டுல கதைக்கிற கதைய கேட்டுக் கேட்டுத்தான் அவ வாய மூடினவ.


வாழைச்சேனை_77

பொலிசுக்கு போய் என்ன பிரயோசனம், ஆள் வெளிநாட்டுல, சல்லி திரும்ப வரப்போறதில்ல. ஒரு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். நான் போனன், ஒண்டும் நடக்கல்ல.


போன்கடை_ஆரையம்பதி

உங்கட கோவம் விளங்குது தம்பி, அதுக்கு காரணம் இருக்கு. ஆனாலும் போகணும் எண்டுதான் நான் சொல்லுவன். பேங்க்ல இந்த செலவு நான் செய்யல்ல எண்டு வாதாடப் போனா பொலிஸ் முறைப்பாடு இருக்கா எண்டுதான் கேப்பாங்க. உங்கட அடையாள அட்டை விபரத்த வைச்சு அவன் இன்னொரு ஆள ஏமாத்தினா உங்களக் காப்பாத்துறதும் அந்த முறைப்பாட்டு இலக்கம்தான். 2007ஆம் ஆண்டுட 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, இது சின்ன விசயம், சொந்தப் பிரச்சினை எண்டு ஒதுக்குற விசயம் இல்ல.

மட்டக்களப்பா இருந்தாலும் அம்பாறை டவுனா இருந்தாலும் தமிழ்ல முறைப்பாடு குடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு, தமிழும் இந்த நாட்டுட ஆட்சி மொழி. சிங்களத்துல எழுதினா வாசிச்சு விளங்கப்படுத்தச் சொல்லுங்க, விளங்காம கையெழுத்து வைக்க வேணாம். போகக்குள்ள மெசேஜ் வந்த திகதி, நேரம், நம்பர், லிங்க், பேங்க் பதிவு எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி ப்ரின்ட்டோட கொண்டு போங்க. கடைக்கு வாற ஆக்களுக்கு நான் இத எழுதியே குடுக்கிறன், போனத் தூக்கிக் கொண்டு போய் மெசேஜத் தேடிக் காட்ட நிண்டா பாதி விசயம் மறந்து போகும்.


திருக்கோவில்_கடற்கரை

இதோட சேர்ந்த ஒண்டு. எனக்கு போன கிழமை எங்கட சித்தப்பாட நம்பர்ல இருந்து வட்ஸ்அப்ல, தம்பி பிழையா உனக்கு ஒரு ஆறு இலக்க கோட் வந்திருக்கும், அனுப்பி விடு எண்டு. சித்தப்பாதானே எண்டு அனுப்பிட்டன், அஞ்சு நிமிசத்துல என்ட வட்ஸ்அப் போச்சு. இப்ப என்ட பேர்ல எல்லாருட்டயும் அவசரமா இருபதாயிரம் கேக்கிறான். எப்பிடித் திரும்ப எடுக்கிற?


போன்கடை_ஆரையம்பதி

சித்தப்பாட கணக்கையும் அவன்தான் பிடிச்சிருக்கான். உங்கட சிம் உங்கட போன்லதானே இருக்கு, வட்ஸ்அப்ப திறந்து உங்கட நம்பரப் போட்டு வாற கோட்ட அடிங்க, அவன் தானா வெளிய போயிருவான். அவன் ரெண்டாம் பூட்டு போட்டு வைச்சிருந்தா ஒரு பின் கேக்கும், அது தெரியாட்டி 7 நாள் பொறுக்கணும், ஆனா கோட் அடிச்ச நேரத்துல இருந்து அவனுக்கும் உள்ள இருக்க ஏலா. அதுவரைக்கும் எல்லாருக்கும் சாதாரண கோல் எடுத்து சொல்லுங்க. கணக்கு கிடைச்ச உடனே செட்டிங்ஸ்ல அக்கவுன்ட்டுக்குள்ள போய் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன போடுங்க, சித்தப்பாக்கும் போட்டுக் குடுங்க.


கல்லடிப்பாலம்

எல்லாருக்கும் நன்றி. 101க்கு எடுத்து சொன்னன், லிங்க்க கேட்டு எடுத்தாங்க. நாளைக்கு காலையில அம்மாவோட பொலிசுக்குப் போறன், டீச்சரும் அண்ணாவும் சொன்ன மாதிரி எல்லாத்தையும் தாள்ல எழுதிட்டன். பக்கத்து வீட்டு மாமிட மெசேஜையும் சேர்த்துக் கொண்டு போறன், ரெண்டும் வேற வேற நம்பர்ல வந்திருந்தாலும் லிங்க் ஒண்டுதான். தங்கச்சி எழுதினத அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன், அவ கனநேரம் ஒண்டும் கதைக்கல்ல, மறுகா அந்தப் பிள்ளை இப்ப எப்பிடி இருக்காவாம் எண்டு கேட்டா.

அக்காட்டயும் கதைச்சன். அவட்ட தபால் கந்தோர்ல குடுத்த துண்டு இருக்கு, அதுல பார்சல் நம்பர் முதல்ல ரெண்டு இங்கிலீஷ் எழுத்து, நடுவுல ஒன்பது இலக்கம், கடைசியில சுவிஸ்ஸுக்கு சிஎச் எண்டு ரெண்டு எழுத்து. கள்ள மெசேஜ்ல இருந்த நம்பர் அப்பிடி இல்லவே இல்ல, வெறும் இலக்கம். அக்காட நம்பரப் போட்டுப் பார்த்தன், பெட்டி இன்னும் சூரிச்ச விட்டு வெளிக்கிடவே இல்ல.